மாலை நான்கு மணிக்கு உயிருள்ள யூதச் சமூகம்

உலகம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டிய செய்தி இது. புகாரா நகரக் கலை வாரத்தின் நான்காம் நாள், புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு, பழைய வணிகர் சத்திரத்தின் முற்றத்தில் ‘உயிருள்ள யூதச் சமூகம்: இசையும் ஒன்றுகூடலும்’ காட்சிக்கு வைக்கப்படும். அனுமதி இலவசம். குழந்தைகளை அழைத்து வரலாம். படம் எடுக்கத் தடையில்லை.

மூன்று மொழிகளில் அச்சடித்த அந்தச் சுவரொட்டியை என்னைக் கேட்காமலே என் சலூன் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று மொழியிலும் ‘உயிருள்ள’ என்ற சொல்தான் பெரிதாக இருந்தது. முகமெல்லாம் சவர நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்:

“ஏன் பென்சியோன், செத்த யூதச் சமூகத்த எந்த நாள் காட்டுறாங்க?”

“அது தினமும் உண்டு. கல்லறைத் தோட்டம், காலைல ஒன்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும்.”

அவர் சிரித்ததில் நுரை தெறித்தது. நானும் சிரித்தேன். பொய்யில்லை. கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். நிற்கிற நிலையில் இருப்பது பத்து ஆண்கள். பத்து என்பது எங்களுக்குச் சும்மா ஒரு எண் இல்லை. பத்து யூத ஆண்கள் சேராமல் இறந்தவருக்கான கதீஷ் பிரார்த்தனையைச் சொல்ல முடியாது. ஒன்பது பேர் ஞானிகளாக இருந்தாலும் முடியாது. பத்துப் பேர் கழுதைகளாக இருந்தால் போதும். அந்த வகையில் நாங்கள் தகுதி பெற்றிருந்தோம்.

அந்தப் புதன்கிழமை எனக்குக் கலை வாரத்தினால் முக்கியமில்லை. எஸ்ரோ அண்ணன் இறந்து எங்கள் நாள்காட்டிப்படி ஒரு வருடம் அன்றைக்குத்தான் முடிந்தது. எங்கள் நாள் சூரியன் சாய்ந்ததும் தொடங்கும். அதனால் புதன் பொழுது சாய்ந்ததிலிருந்து வியாழன் பொழுது சாயும்வரை அவருடைய வருஷம்.

எஸ்ரோ தன்பூர் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவர். நான் பகலில் நாவிதன். கல்யாண வீடுகளில் முப்பது வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோய்ரா அடித்தவன். தோய்ரா என்பது வட்டமான ஒற்றைப் பறை. உள்வளையத்தில் இரும்பு வளையங்கள் கலகலக்கும். எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது பாராட்டினால் வேகம் பிடித்துவிடும், நிறுத்தத் தெரியாது. எஸ்ரோ கடைக்கண்ணால் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே சொல்வார்: “எவனாச்சும் கூட்டத்துல கைய ஆட்டிடக் கூடாது. உடனே ஒன் குதிரை கிளம்பிடும்.”

படுக்கையில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார். “பென்சி, எனக்கு ரெண்டும் பொண்ணு. நியூயார்க்ல இருக்காளுங்க. ஒங்க அண்ணிய எப்படியும் கூப்பிட்டுக்குவாளுங்க, போகட்டும். ஒரு வருஷம் மட்டும் இருக்கச் சொல்லு. வருஷத்தன்னிக்கு நம்ம முற்றத்துல, திராட்சைப் பந்தலுக்குக் கீழ, பத்துப் பேரோட கதீஷ். மகன் ஸ்தானத்துல நீ சொல்லணும். அன்னைக்காவது அவசரப்படாம சொல்லு.”

சொல்கிறேன் என்றேன்.

இந்த இடத்தில் சியோன் போரிசோவிச் வருகிறார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வுபெற்ற பிறகும் கழுத்தில் விசில் தொங்குவதுபோலவே நடப்பார். இப்போது கலை வாரத்தின் யூதப் பிரிவுக்கு ஒருங்கிணைப்பாளர். அந்தப் பிரிவில் இருந்தது அவர் ஒருவர்தான், ஆனாலும் ஒருங்கிணைந்திருந்தார்.

“பென்சியோன், வரலாறு நம்மளக் கூப்பிடுது,” என்று நாற்காலியில் சாய்ந்தார்.

“கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க. மொதல்ல ஒங்க காது முடிய முடிச்சுடுறேன்.”

“வெளையாடாதே. புதன்கிழம நாலு மணிக்கு நம்ம பத்துப் பேரும் மேடையில இருக்கணும்.”

“புதன் சாயங்காலம் எஸ்ரோ அண்ணனோட வருஷம்.”

“அட, அதனாலதான்யா சொல்றேன்! ஒனக்கும் பத்துப் பேர் வேணும், எனக்கும் பத்துப் பேர் வேணும். நீ கூப்பிட்டா எத்தன பேர் வருவான்? இலியோவுக்கு முட்டி வலி. ஒருத்தனுக்குக் கடை, இன்னொருத்தனுக்குக் கால்பந்து. நான் கூப்பிட்டா வாசலுக்கு வண்டி வரும். சரிகை அங்கி, மத்தியானச் சாப்பாடு, ஆளுக்கொரு சான்றிதழ். நாலுக்கு ஆரம்பிச்சு அஞ்சுக்கு முடிச்சுடுவோம். சூரியன் சாயறது அஞ்சே முக்கா. மொத்தக் கூட்டத்தையும் அங்கியோட அப்படியே எஸ்ரோ சம்சாரம் ஜுலாய் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்.”

யோசித்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சியோன் கடைசிப் புழுவைத் தூண்டிலில் மாட்டினார்:

“நடுவுல தோய்ராவுல தனி வாசிப்பு ஒண்ணு. அஞ்சு நிமிஷம். வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. ஒன்ன விட்டா யாரு?”

முப்பது வருடமாகக் கல்யாண வீட்டில் சோறு தின்கிறவர்களுக்கு வாசித்தவன் நான். ஒத்துக்கொண்டேன்.

ஜுலாய் அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. இறந்தவரின் மனைவியாக மேடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், அழவேண்டிய கட்டாயம்கூட இல்லை என்று சியோன் அவளிடம் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார். அவள் பழைய கல்யாணப் பாடகி. அவள் நாக்குக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் நடுங்குவார்கள்.

“என் புருஷன் செத்தது ஒங்க நிகழ்ச்சி நிரல்ல எத்தனாவது, சியோன்?” என்று கேட்டாளாம். “பொம்மலாட்டத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?”

நான் போனபோது திராட்சைப் பந்தலுக்குக் கீழே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு மகள்கள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

“தம்பி, நீங்க எங்க ஆடுனாலும் பாடுனாலும் எனக்குக் கவலையில்ல. பொழுது சாஞ்சதும் பத்துப் பேரு என் முற்றத்துல நிக்கணும். அவருக்கு இத ஒண்ண முடிச்சுக் குடுத்துட்டா நான் கதவப் பூட்டிக்கிட்டுப் போயிடுவேன். திரும்பி வர்றதுக்கு எனக்கு வயசில்ல.”

“பத்துப் பேரோட வர்றேன் அண்ணி.”

“பின்ஹாஸையும் சேத்துத்தானே பத்து?”

அவரையும் சேர்த்துத்தான். பின்ஹாஸ் கடிகாரம் பழுது பார்ப்பவர். எழுபத்தொன்பது வயது, நரைத்த தாடி, காது முக்கால்வாசி கேட்காது. அதே புதன் ராத்திரி ஏழு இருபது ரயிலில் தாஷ்கண்டுக்கும், அங்கிருந்து விமானத்தில் மகளிடமும் போகிறவர். எஸ்ரோவின் வருஷத்துக்காகவே பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தார். “ஆறரை வரைக்கும்தான் நான் புகாராக்காரன். அதுக்கு மேல அமெரிக்காக்காரன், பாத்துக்கோ,” என்று என் காதில் கத்தினார். காது கேட்காதவர்கள் மற்றவர்களையும் அப்படியே நினைக்கிறார்கள்.

புதன்கிழமை எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலச் சரிகை அங்கி மாட்டினார்கள். நாடக சபை அலமாரியிலிருந்து வந்தவை. பாச்சை உருண்டை வாசம் அடித்தது. தலையில் ஒரே மாதிரி வெல்வெட் குல்லா. பத்துப் பேரும் ஒரே தாய் பெற்றவர்கள்போல, அவளும் அவசரத்தில் பெற்றதுபோல இருந்தோம். இறைச்சிக் கடை இலியோவு தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ சரிகை இல்லடா,” என்றான்.

முன்வரிசைகளில் ஒரு பேருந்து நிறைய வெளிநாட்டு யூதர்கள். நாற்பது பேருக்குக் குறையாது. குல்லா வைத்த ஆண்களே பதினைந்து தேறும். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். நல்ல ரசிகர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

நான்கு மணிக்கு எதுவும் தொடங்கவில்லை. தலைமை தாங்க வேண்டிய அதிகாரி தன் துணை அதிகாரியை அனுப்பியிருந்தார். துணை அதிகாரி ஐந்து மணிக்கு வந்தார். வந்தவர் பேசினார். நம் யூதச் சகோதரர்கள் இந்த மண்ணின் பிரிக்க முடியாத அங்கம் என்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அவருக்குப் பின் கலை வாரத்தின் இயக்குநர் வெளிச்சம் என்றால் என்ன என்று விளக்கினார். அவர் விளக்கி முடிப்பதற்குள் சூரியன் சாய்ந்துவிட்டது.

“சியோன், பொழுது போயிடுச்சு,” என்று சைகை காட்டினேன்.

“ஒன் வாசிப்புதான் அடுத்தது! முடிஞ்சதும் ஓடிடலாம்,” என்று பதில் சைகை வந்தது.

ஆறு இருபதுக்குத் தோய்ராவை எடுத்தேன். அண்ணன் பக்கத்தில் இல்லாமல் மேடையில் வாசிப்பது அதுதான் முதல் தடவை. முதல் இரண்டு நிமிடம் அடக்கமாகத்தான் வாசித்தேன். முன்வரிசை கைதட்டியது. ஒரு அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். மேடையின் பின்வரிசை ஓரத்தில் பின்ஹாஸ் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். உயர்த்தி, நன்றாக வீசி ஆட்டினார். காது கேட்காத மனுஷனுக்கே கேட்டுவிட்டது என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினேன்.

ஐந்து நிமிட வாசிப்பு பன்னிரண்டு நிமிடம் போயிற்று.

முடிந்ததும் சியோன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி நடக்கவிட்டார். நான் தோய்ராவை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். எங்கள் சந்துகளில் விளக்கு எரியவில்லை. கலை வாரத்துக்காகக் கோபுரத்தின்மேல் ஊதா நிறத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாங்காமல் எங்கள் தெருவின் மின்சாரம் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் ஊதாக் கோபுரம், முன்னால் இருட்டு. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தோம்.

ஜுலாய் அண்ணி வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள். நான்தான் முதலில் நுழைந்தேன். பின்னால் வந்தவர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விட்டாள். பந்தலுக்குக் கீழே ஒரு கண்ணாடி டம்ளரில் எஸ்ரோவுக்கான எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது.

எங்களில் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது. ஆடு மாடுகளைத்தான் அப்படி எண்ணலாம். மனிதர்களை எண்ண ஒரு வசனம் இருக்கிறது. சரியாகப் பத்துச் சொற்கள். ஆளுக்கு ஒரு சொல். கடைசிச் சொல்லுக்கு ஆள் நின்றால் பத்து. எண்ணுவது என் வேலை. என்னிடமிருந்து தொடங்கி, இருட்டில் ஒவ்வொரு சரிகைக் கையாகத் தொட்டுக்கொண்டே சொற்களை முணுமுணுத்தேன். பத்தாவது சொல் சொன்னபோது பத்தாவது அங்கி கைக்கு அகப்பட்டது.

மணி ஏழைத் தாண்டியிருந்தது. பின்ஹாஸ் ரயிலை விட்டுவிட்டார். ஒரு வாரம் தள்ளிப்போட்ட பயணத்தை எஸ்ரோவுக்காக இன்னொரு முறை விட்டுவிட்டார்.

தோய்ராவைக் கீழே வைத்துவிட்டுக் கதீஷைத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு நிதானமாகச் செய்ததில்லை. ஒவ்வொரு சொல்லாக, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோலச் சொன்னேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. நிறுத்தி, துடைத்துக்கொண்டு, மறுபடி சொன்னேன். ஆமென் சொல்லவேண்டிய இடங்களிலெல்லாம் ஆமென் வந்தது. பத்தாவது ஆளின் ஆமென்தான் எல்லோரையும்விடக் கணீரென்று இருந்தது.

பிறகு மேசையில் உட்கார்ந்தோம். அண்ணி பூண்டுச் சாறு ஊற்றிய பொரித்த மீனையும் ரொட்டியையும் கொண்டுவந்து வைத்து, நடுவில் இன்னொரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். நான் பின்ஹாஸுக்கு நன்றி சொல்ல, கத்துவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

“அண்ணே, இப்ப கழட்டலாமா? ரொம்ப அரிக்குது,” என்றார் பின்ஹாஸ். சொல்லிவிட்டுத் தாடியை உரித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பொம்மலாட்ட சபை ருஸ்தம். குழந்தைகள் நாடகத்தில் கரடியாக வருபவன். என்னிடம்தான் முடிவெட்டிக்கொள்வான். இந்த ஊர் முஸ்லிம் பையன், முப்பது வயது, நல்லவன்.

மெழுகு உருகுவது கேட்டது என்று எழுத ஆசைதான். கேட்டது இலியோவு மீன் முள்ளைத் துப்பிய சத்தம்.

“பின்ஹாஸ் எங்க?” என்றேன்.

“அவர் பாதியிலயே எறங்கிப் போயிட்டாரு,” என்றார் சியோன். “பின்வரிசையில ஓட்டை விழுந்தா படத்துல அசிங்கமா இருக்குமேன்னு ருஸ்தமுக்கு அந்த அங்கிய மாட்டி, தாடி ஒட்டி நிக்க வெச்சேன்.”

“மேடையில சரி. இங்க ஏன்யா கூட்டிட்டு வந்தீங்க?”

“கேமராக்காரன் பின்னாலயே வர்றேன்னானே! நிகழ்ச்சி இன்னும் முடியலன்னு நெனச்சேன்.” அவர் முகத்தில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

“இலியோவு, நீ பக்கத்துலதானே நின்னே? ஒனக்குத் தெரியல?”

“யாரோ புது ஆளுன்னு தெரிஞ்சுது. முன்வரிசையிலேர்ந்து நீதான் ஒரு யூதன இழுத்துட்டு வந்திருக்கேன்னு நெனச்சேன். எண்ணுறது நீ. நீ எண்ணினா சரியாத்தானே இருக்கும்?”

ருஸ்தம் எங்கள் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். “அண்ணே, நான் தப்பா எதாச்சும் சொல்லிட்டேனா? ஒத்திகையில கேட்டபடிதான் சொன்னேன்.”

“நீ சரியாச் சொன்னேப்பா,” என்றாள் ஜுலாய் அண்ணி. அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். “சாப்பிடு. முள்ளு இருக்கும், பாத்து.”

நான் கைப்பேசியோடு முற்றத்து மூலைக்குப் போனேன். ஓடுகிற ரயிலிலிருந்து பின்ஹாஸ் கத்தினார்:

“கைய ஆட்டினேனேடா! போறேன், வேற ஆளப் புடிச்சுக்கோன்னு கைய ஆட்டினேன். நீயும் பாத்து சிரிச்சே. சரி, புரிஞ்சுக்கிட்டான், நிம்மதின்னு எறங்கிட்டேன். ஒனக்கு என்னடா பஞ்சம், முன்வரிசை பூரா நம்ம ஆளுங்கதானே? என்ன? கதீஷ் நல்லா சொன்னியா? என்னது? கேக்கல... நல்லா இரு பென்சியோன், நல்லா இரு!”

முன்வரிசைக்காரர்கள் தங்கியிருந்த விடுதிக்கு ஓடினேன். பேருந்து ஏழு மணிக்கே சமர்கண்ட் போய்விட்டதாக வாசல்காரன் சொன்னான்.

வியாழன் பொழுது சாயும்வரை நாள் இருந்தது. கடையைத் திறக்கவில்லை. விடுதி விடுதியாகப் போய், காலை உணவு மேசைகளில் குனிந்து குனிந்து ‘நீங்க யூதரா?’ என்று கேட்டேன். ஒரு ஜெர்மன் கட்டடக் கலைஞர் கிடைத்தார். யூதர் இல்லை, ஆனால் யூதர்களை மிகவும் பிடிக்குமாம். நேற்று என் வாசிப்பைக் கேட்டாராம். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வெறுங்கையோடு அண்ணி வீட்டுக்குப் போனேன். பந்தலுக்குக் கீழே பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். டம்ளர் விளக்கில் எண்ணெய் தீர்ந்து திரி புகைந்துகொண்டிருந்தது.

“கெடைக்கல, அண்ணி.”

“தெரியும். ஒன் நடையிலயே தெரியுது.”

“நேத்து அவன் ருஸ்தம்னு ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“வாசல்லயே. இந்த ஊர் ஆம்பளைங்க அத்தன பேர் கல்யாணத்துலயும் பாடினவ நான். பின்ஹாஸ எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். மெழுகுவர்த்திய வெச்சுட்டு வர்றதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்டே.” டம்ளரைச் சாய்த்துத் திரியைத் தூண்டிவிட்டாள். “மொத தடவையா அவசரப்படாம சொன்னே தம்பி. அவரு இருந்து கேட்டிருந்தா நம்பியிருக்கமாட்டாரு. நிறுத்த எனக்கு மனசு வரல.”

நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் என் தலையில் கை வைத்தாள், வைத்தபடியே இருந்தாள். திரி அணைந்தது. பக்கத்துத் தெருவில் கலை வாரத்தின் ஐந்தாம் நாள் ஒலிபெருக்கி, ஒன்று இரண்டு மூன்று என்று தன்னைச் சோதித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுவாரம் சியோன் போரிசோவிச் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு சலூனுக்கு வந்து, தங்க விளிம்பு போட்ட பத்துச் சான்றிதழ்களை என் மேசையில் விசிறிபோல விரித்தார். ஒன்றில் ருஸ்தமின் பெயர் இருந்தது. கூடவே கலை வாரத்தின் இறுதி அறிக்கையும் வந்திருந்தது. அதை எழுந்து நின்று வாசித்தார். யூதச் சமூகத்தின் ஒன்றுகூடல் பெரும் வெற்றி பெற்றது என்றும், நகரின் தொன்மையான நினைவுப் பிரார்த்தனை பத்துப் பேர் பங்கேற்க முறைப்படி நிறைவேறியது என்றும் அதில் எழுதியிருந்தது.

எஸ்ரோவுக்குக் கதீஷ் சொல்லப்படவில்லை.